நெடுவழியிற் பாரம் இழுக்கும் பழைய டீசல் வண்டி

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பது நம் நாட்டுப் பழமொழி. தேரின் உயரத்தையும் அலங்காரத்தையும் கண்டு வியப்போர் பலர். அச்சிற் செருகிய சிறிய ஆணியைக் குனிந்து பார்ப்போர் சிலரே. மோட்டார் வண்டிகள் மலிந்த இக்காலத்திலும் இப்பழமொழியின் உண்மை சிறிதும் குன்றவில்லை. பௌதிக வகுப்பில் நாம் கற்கும் சக்தி, உஷ்ணம், உராய்வு முதலியன பரீக்ஷையோடு முடிந்துவிடுவன அல்ல. தெருவில் ஓடும் ஒரு பழைய வண்டியின் சக்கரத்திலும் பிரேக்கிலும் மனித உயிரைத் தாங்கி நிற்பனவும் அவையே. இதனை நாம் நெய்வேலியிற் கற்றோம். ஆதலின் அவ்வூரிலிருந்தே தொடங்குவோம்.

கடலூர் மாவட்டத்திலுள்ள நெய்வேலி, பழுப்பு நிலக்கரியால் உண்டான நகரம். 1956-ஆம் ஆண்டில் அரசாங்க நிறுவனம் ஏற்பட்டு, 1957-ல் சுரங்க வேலை தொடங்கி, 1961-ல் நிலக்கரிப் படலம் வெளிப்பட்டது. வட்டம் வட்டமாக வகுக்கப்பெற்று நிழல் மரங்கள் நிறைந்த அந்நகரியத்தைச் சுற்றிலும், சிறு ஒப்பந்த வேலைகளுக்கென ஓடும் பழைய டீசல் பிக்கப் வண்டிகள் பல உண்டு. ஜெனரேட்டரையோ கம்ப்ரெஸரையோ இரு சக்கர டிரெய்லரில் ஏற்றிப் பின்னே பூட்டிக்கொண்டு அவை ஊர் ஊராகச் செல்லும். இருபது ஆண்டு உழைத்த அத்தகைய வண்டியொன்றில், நண்பர் ஒருவருக்காக ஜெனரேட்டர் வாங்கி வருவதற்கு, நாம் சென்ற கோடையில் ஓசூர் வரை சென்று மீண்டோம். போகும் வழி 300 கிலோமீட்டருக்கு மேற்பட்டது. வண்டியை ஓட்டியவர் அறுபதை எட்டிய ஒரு பெரியவர்.

மீளும்போது தருமபுரியைக் கடந்து, தொப்பூர் கணவாயின் இறக்கம் தொடங்குமுன், அவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். வண்டியில் யாதொரு குறையும் தோன்றவில்லை. பொழுதோ சாய்ந்துகொண்டிருந்தது. "பெரியவரே, ஏற்றமெல்லாம் ஏறி வந்தாயிற்றே, இனி இறக்கந்தானே? இங்கே ஏன் நிறுத்தினீர்கள்?" என்று நாம் சற்றே பொறுமையின்றி வினவினோம். அவர் சக்கரங்களின் அருகே குனிந்தவாறே, "ஐயா, ஏற்றத்தில் வண்டி நின்றுபோனால் நாம் நடுவழியில் நிற்போம். இறக்கத்தில் வண்டி நில்லாமற்போனால் எங்கே போய் நிற்போமென்று யாருக்குத் தெரியும்?" என்றார். அவ்விடையின் பொருளை விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. காற்றும் எண்ணெயும்

டீசல் என்ஜினின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும். ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றியுடன் இயக்கிக் காட்டிய இவ்வியந்திரத்தில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. சிலிண்டரில் புகுந்த காற்று, தன் அளவில் பதினாறில் ஒரு பங்கு முதல் இருபத்திரண்டில் ஒரு பங்கு வரை நெருக்கப்படுகின்றது. அந்நெருக்கத்தினாலேயே அது 500 டிகிரிக்கு மேல் சூடேறும். அவ்வேளையில் நுண்டுளியாகப் பீச்சப்படும் டீசல் தானே பற்றி எரியும். ஆகவே, நல்ல காற்று, நல்ல எண்ணெய், சிலிண்டரின் இறுக்கம் ஆகிய இம்மூன்றும் இருக்குமளவும் பழைய என்ஜினும் உழைக்கும். இவற்றுள் ஒன்று குறையினும் புகையும் வலுக்குறைவும் தோன்றும்.

காற்றைக் கெடுப்பது தூசி. நெய்வேலியில் நிலக்கரியின் மேல் மூடிக் கிடப்பது கடலூர் மணற்பாறை. சுரங்கத்தின் தொடக்க நாட்களில், ஜெர்மனியிலிருந்து வந்த பெரிய வெட்டு யந்திரங்களின் எஃகுப் பற்களையே விரைவில் தேய்த்துவிட்ட மண் அஃது. அதிலுள்ள மணற்றுகள் சாதாரண இரும்பினும் கடினமானது. ஏர் கிளீனரின் வழியாக அது சிலிண்டருக்குட் புகுந்தால், அரம்போல் அராவி இறுக்கத்தைக் கெடுத்துவிடும். பிறகு எவ்வளவு டீசல் ஊற்றியும் பயனில்லை. எனவே சுரங்கப் பகுதியில் ஓடும் வண்டிக்கு, புத்தகத்திற் கண்ட கெடுவுக்கு முன்னரே ஏர் கிளீனரை மாற்றுதல் நலம். கிளீனருக்கும் என்ஜினுக்கும் இடையேயுள்ள ரப்பர்க் குழாய் வெடித்திருந்தால், புதிய கிளீனர் போட்டும் வீணே. அக்குழாயை வளைத்துப் பார்த்தல் வேண்டும்.

எண்ணெயைக் கெடுப்பவை நீரும் அழுக்கும். பீச்சும் பம்பினுள் ஓடும் தண்டுக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே. அங்கே ஒரு துளி நீர் துருவை உண்டாக்கும். ஒரு துகள் கீறலை உண்டாக்கும். ஆதலின் டீசல் பில்டரை உரிய காலத்தில் மாற்றுதலும், அதன் அடியில் தேங்கிய நீரைத் திருகு திறந்து வடித்தலும், நெடும் பிரயாணத்திற்கு முதல் நாள் செய்யத்தக்க வேலைகள். பில்டர் மாற்றிய பின் குழாய்களில் அடைபட்ட காற்றைக் கைப்பம்பினால் வெளியேற்றுதல் அவசியம். இதனைச் சாரதி தானே செய்யப் பழகாவிடின், ஒரு சிறு காற்றுக் குமிழி அவரை நள்ளிரவில் சாலையோரத்தில் நிறுத்திவிடும்.

2. ஏற்றமும் உஷ்ணமும்

தனியே ஓடும்போது குறையின்றி ஓடிய வண்டி, டிரெய்லர் பூட்டியவுடன் கொதிப்பதேன் எனின், பாரம் கூடும்போது எரியும் டீசலும் கூடுகின்றது. அதனோடு வெளியேற்ற வேண்டிய உஷ்ணமும் கூடுகின்றது. ரேடியேட்டர் பாதி அடைபட்டிருந்தாலும் வெறும் வண்டிக்கு அது போதும். பாரம் இழுக்கும் வண்டிக்கு ஒருபோதும் போதாது. எனவே டிரெய்லர் புதிய குற்றத்தை உண்டாக்குவதில்லை. பழைய குற்றத்தை வெளிப்படுத்துகின்றது.

ரேடியேட்டரின் வெளிப்புற இடுக்குகளில் படிந்த தூசியையும் பூச்சிகளையும், உட்புறத்திலிருந்து முன்புறமாக நீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். உட்புறம் உப்புப் படியாதிருக்க, கிணற்று நீரை விடுத்துக் கூலன்ட் கலவையையே ஊற்ற வேண்டும். ரேடியேட்டர் மூடியை அற்பமாகக் கருதலாகாது. உள்ளே அழுத்தத்தைக் காத்து, நீரின் கொதிநிலையை உயர்த்துவது அதுவே. வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல் இருமடங்கு அழுத்தத்தில் நீர் 100 டிகிரியிற் கொதிக்காமல் 120 டிகிரியிலேயே கொதிக்கும். இதனாலேயே, சூடான வண்டியில் அம்மூடியைத் திறப்பவர் முகத்தில் வெந்நீர் சீறிப் பாய்கின்றது. ஏற்றத்தில் முள் உயர்ந்தால் வேகத்தைக் குறைத்துக் கீழ்க் கியருக்கு வருதல் வேண்டும். பின்னும் உயர்ந்தால் நிறுத்தி, என்ஜினை மெதுவாக ஓடவிட்டு ஆற்றுதல் வேண்டும். தண்ணீரே ஒழுகிப் போயிருந்தால் மட்டும் என்ஜினை உடனே நிறுத்திவிட வேண்டும்.

இவ்விடத்தில் பேன் பெல்ட்டைப் பற்றி ஒன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். பல பழைய டீசல் வண்டிகளில், நீர்ப் பம்பையும் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரையும் சுழற்றுவது அந்த ஒரு பெல்ட்டே. மேலும், பிரேக் மிதிப்பதை எளிதாக்கும் வேக்குவம் பம்பும் அந்த ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே பொருத்தப்பட்டிருக்கும். அப்பெல்ட் அறுந்தால் குளிர்ச்சியும் போயிற்று, மின்சாரமும் போயிற்று, பிரேக்கின் துணையும் போயிற்று. பழமொழி கூறிய அச்சாணி இத்தேருக்கு இதுவே எனலாம். பிளவு கண்ட பெல்ட்டை உடனே மாற்றி, வேறொன்றை வண்டியிலும் வைத்திருத்தல் வேண்டும்.

3. பூட்டும் சக்கரமும்

டிரெய்லரில் பாரம் ஏற்றும் முறையிலேயே பாதி க்ஷேமம் அடங்கியுள்ளது. பாரம் அச்சுக்குச் சற்று முன்னே இருத்தல் வேண்டும். டிரெய்லரின் மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு முன்வண்டியின் கொக்கியில் அழுந்துவது தகுந்த அளவு. பாரம் பின்னே சாய்ந்தால், வேகத்தில் டிரெய்லர் பாம்புபோல் நெளியத் தொடங்கி, முன்வண்டியையும் இழுத்துக்கொண்டு புரளும். கொக்கியின் பின் தேயாமலும், அது கழன்று விழாதபடி பூட்டு ஊசி செருகியும் இருத்தல் வேண்டும். ஒருவேளை கொக்கி விட்டுப்போயினும் டிரெய்லர் தரையிற் குத்தாதபடி, இரு சங்கிலிகளைக் குறுக்காக மாட்டுதல் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் (1988) டிரெய்லரையும் ஒரு வாகனமாகவே கொள்கின்றது. ஆதலின் அதற்கும் பதிவும், பின்விளக்கும், ஒளி திருப்பும் வில்லைகளும் வேண்டும்.

டிரெய்லரின் டயர்கள் தேய்ந்து கெடுவதைவிட வெயிலில் நின்று கெடுவதே மிகுதி. டயரின் பக்கத்தில் அச்சிட்ட நான்கு இலக்கங்களில் முன் இரண்டும் அது செய்யப்பட்ட வாரத்தையும் பின் இரண்டும் ஆண்டையும் குறிக்கும். பட்டன் நிறைந்து புதிதுபோல் தோன்றும் டயரும் பத்தாண்டு முதியதாயின் நம்பத்தக்கதன்று. சக்கரப் பேரிங்குகளில் பழைய கிரீஸைத் துடைத்துப் புதியது அடைத்தல் ஆண்டுக்கொரு முறையாவது வேண்டும். புறப்பட்ட முதல் முப்பது கிலோமீட்டரில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் அருகே புறங்கையைக் கொண்டுசென்று சூட்டை ஒப்பிட வேண்டும். எல்லாம் ஒரே சூடாயின் கவலையில்லை. ஒன்று மட்டும் மிகச் சுடுமாயின், அங்கே பேரிங் இறுகியிருக்கின்றது, அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கின்றது. பெரியவர் தொப்பூரிற் செய்த பரீக்ஷையும் இதுவே.

4. இறக்கமும் பிரேக்கும்

இனி அவ்விறக்கத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 3,000 கிலோகிராம் என்றும், இறங்கும் உயரம் 200 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். அவ்வுயரத்தில் அடங்கிய சக்தி 3,000 × 9.8 × 200 = 58,80,000 ஜூல். வேகம் கூடாமல் இறங்க வேண்டுமாயின், இச்சக்தி முழுவதும் எங்கேனும் உஷ்ணமாகித் தீர வேண்டும். 30 டிகிரியிலுள்ள 20 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதிய உஷ்ணம் இது. சாரதி பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால், இதிற் பெரும்பகுதியைச் சில கிலோ இரும்பும் லைனிங்கும் ஏற்க நேரிடுகின்றது. லைனிங் கருகிப் பிடிப்பை இழக்கும்.

பிரேக் ஆயிலின் செய்தி இதனினும் கவனிக்கத்தக்கது. அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். சாதாரணமாக வழங்கும் டாட் 3 வகை ஆயில் புதிதாயிருக்கையில் 205 டிகிரிக்குக் குறையாமற் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறியபின் அவ்வளவு 140 டிகிரியாகத் தாழும். குழாயில் ஆயில் கொதித்து ஆவியானால், ஆவி நெருங்குமேயன்றித் தள்ளாது. மிதி தரைவரை இறங்கும், வண்டியோ நில்லாது. இரண்டாண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்வதன் காரணம் இதுவே.

ஆகையால் ஏறும்போது எந்தக் கியர் வேண்டியிருந்ததோ, இறங்கும்போதும் அந்தக் கியரிலேயே இறங்குதல் வேண்டும். சக்தியின் பெரும்பகுதியை அப்போது என்ஜின் ஏற்றுக்கொள்ளும். டீசலை மிச்சம் பிடிப்பதாக எண்ணி நியூட்ரலில் விடுவோர், உயிரைப் பணயம் வைப்பதோடு கணக்கிலும் பிழை செய்கின்றனர். கியரில் இறங்கும்போது மிதியை விட்டுவிட்டால் பம்ப் டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலிலோ என்ஜின் தானே ஓட டீசல் செலவாகும்! வேகத்தைப் பற்றியும் ஒரு கணக்கு: அதே வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் தாங்கும் சக்தி ஏறத்தாழ 4,17,000 ஜூல், 80 கிலோமீட்டரில் 7,41,000 ஜூல். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூட, பிரேக் தாங்கவேண்டிய சுமை முக்காற் பங்குக்கு மேல் கூடிவிட்டது. டிரெய்லருக்குத் தனிப் பிரேக் இல்லையாயின் அச்சுமை முழுவதும் முன்வண்டியினதே.

5. குறிப்புப் புத்தகம்

பெரியவரின் இருக்கையருகே பழைய நோட்டுப் புத்தகம் ஒன்று இருந்தது. எந்நாளில் எந்த ஆயில் மாற்றியது, எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு என்ஜின் ஆயில் குறைந்தது, ஏற்றத்தில் முள் எங்கே நின்றது என்பனவெல்லாம் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. பழைய வண்டிக்கு இதனிற் சிறந்த கருவி இல்லை. ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் இயல்பு உண்டு. அதன் வழக்கம் இன்னதென அறிந்தவருக்கே, வழக்கத்தினின்று அது விலகுவது தெரியும். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்துடன் நிற்கும் நிலத்தடி நீரை, இரவும் பகலும் ஓயாமற் பம்புகள் இறைத்துக்கொண்டேயிருக்கின்றன. வெள்ளம் வந்த பின் இறைப்போம் என்று அங்கே ஒருவரும் காத்திருப்பதில்லை. அம்முறையே வண்டிக்கும் பொருந்தும்.

அன்று தொப்பூரில், டிரெய்லரின் இடச் சக்கரம் மட்டும் மற்றவற்றினும் மிகச் சுட்டது. கைப்பிரேக்கின் கம்பி துருவேறி முழுவதும் விடுபடாதிருந்ததே காரணம். அதனைத் தளர்த்தி, எண்ணெயிட்டு, சக்கரம் ஆறுமட்டும் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். பின்னர் கீழ்க் கியரிலேயே மெல்ல இறங்கிச் சேலம் வந்து, விருத்தாசலத்தின் வழியே நள்ளிரவில் நெய்வேலி சேர்ந்தோம். வழியில் விசேஷம் ஒன்றும் நிகழவில்லை. நிகழாதிருந்தது அந்த முக்கால் மணி நேரத்தின் பயனே என்பதை இப்போது நன்கு அறிகின்றோம். புறப்படும் அவசரத்தில் "ஏன் நிறுத்தினீர்?" என்று கேட்கும் நம்போன்றோர், சக்கரத்தருகே குனிவோரிடம் கற்கவேண்டிய பாடம் இன்னும் மிகுதியாக உண்டு.