மார்க் போடாத காது

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்று எழுதிய ஒரு பெட்டி இருக்கும். பெரும்பாலும் அதை ஹெச்.எம். அறை வாசலில் மாட்டிவிடுவார்கள். யார் சீட்டுப் போடுகிறார்கள் என்று போகிற வருகிற எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் போடுவதில்லை. மதுரை வட்டாரத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், பொறுப்பேற்ற கையோடு அந்தப் பெட்டியைக் கழற்றி, நூலகத்துக்குத் திரும்பும் நடையில் மாட்டினார். சாவி இரண்டு பேரிடம். தினமும் மாலையில் இருவரும் சேர்ந்துதான் திறக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மட்டும் எக்காரணம் கொண்டும் தவறக் கூடாது. அவசரமான ஒரு சீட்டு சனி, ஞாயிறு முழுக்க உள்ளே கிடந்துவிடக் கூடாது.

முதலில் வந்தவை எல்லாம் ஃபேன் ஓடவில்லை, கழிவறையில் தண்ணீர் வரவில்லை ரகம். அவற்றை உடனே சரிசெய்து, பெட்டியில் வந்த புகார் என்று ப்ரேயரில் சொல்லவும் செய்தார். குழாயில் தண்ணீர் வந்த பிறகுதான் வேறு மாதிரியான சீட்டுகள் வந்தன. நோட்டிலிருந்து கிழித்த ஒரு துண்டில் பெயர் இல்லை, வகுப்பு மட்டும் இருந்தது: “என்னை வேற பெஞ்சுல உக்கார வைங்க மிஸ்.” எழுதியவனைத் தேடிப் பிடித்து மாற்றியிருந்தால், போட்டுக்கொடுத்தவன் யார் என்று மறுநாளே தெரிந்துபோயிருக்கும். அதனால் அந்த வகுப்பு முழுவதையும் இடம் மாற்றி உட்கார வைத்தார்கள். அவனது டிபன் பாக்ஸ் பல நாட்களாகக் காலியாகிக்கொண்டிருந்த கதை அப்புறம் மெதுவாக வெளியே வந்தது.

அவர் கற்றுக்கொண்டதில் முதன்மையானது இது: தன் பிராக்டிகல் மார்க் யார் கையில் இருக்கிறதோ, அவரிடம் பிள்ளை மனம் திறக்காது. இதனோடு ஒத்துப்போகும் ஓர் ஆய்வும் உண்டு. பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் நடந்த ‘சேஹர்’ ஆய்வின் முடிவுகள் 2018இல் ‘லான்செட்’ இதழில் வந்தன. ப்ரேயர் உரை, சுவர்ப் பத்திரிகை, கருத்துப் பெட்டி, தனி ஆலோசனை என்று ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியர்களும், சில பள்ளிகளில் இதற்கென்றே பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்களும் நடத்தினார்கள். உள்ளூர்க்காரர்கள் நடத்திய பள்ளிகளில் மனச்சோர்வும் சக மாணவர் தொல்லையும் வன்முறையும் குறைந்தன. ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் சொல்லும்படியான மாற்றமில்லை.

ஆசிரியர்களுக்கு அக்கறை இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. போர்ஷன் முடிக்க வேண்டும், எமிஸ் தளத்தில் மாணவர் விவரங்களைப் பதிய வேண்டும், தேர்தல் வேலைக்கும் போக வேண்டும். இதற்கிடையில் காது கொடுக்க நேரம் ஏது?

தனி ஆலோசகர் இல்லாத பள்ளி என்ன செய்வது? அந்தத் தலைமையாசிரியையின் வழி எளிமையானது. ஒவ்வொரு வகுப்புக்கும், அங்கே பாடம் எடுக்காத ஒருவரே கேட்பவர். உடற்கல்வி ஆசிரியராக இருக்கலாம், லேப் அசிஸ்டெண்டாகவும் இருக்கலாம். அதற்கு வாரத்தில் இரண்டு பீரியடை டைம்டேபிளிலேயே எழுதிவிட வேண்டும். “ஃப்ரீயா இருக்கும்போது பாத்துக்கங்க” என்று வாய்வார்த்தையாக விட்டால், சப்ஸ்டிட்யூஷன் வந்து அந்த நேரத்தை விழுங்கிவிடும்.

“யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்ற வாக்குறுதிக்கு அவர் பள்ளியில் தடை. பாலியல் தொல்லை பற்றித் தெரிய வந்தால் புகார் செய்தே ஆக வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம். பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்றாலும் வாய்மூடி இருக்க முடியாது. ஆகவே பேச்சைத் தொடங்கும்போதே, “உனக்கு ஆபத்துன்னா மட்டும் சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லுவேன், அதுவும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான்” என்று கேட்பவர் தெளிவாக்கிவிட வேண்டும். பாதியில் இதைச் சொன்னால் அந்தப் பிள்ளை மறுபடி வராது.

பள்ளியிலிருந்து போன் வந்தாலே டி.சி. கொடுக்கப்போகிறார்கள் என்று பெற்றோர் நடுங்குகிறார்கள். ‘மனநலம்’ என்று ஆரம்பித்தால் காதை மூடிக்கொள்வார்கள், அல்லது மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். “ரெண்டு வாரமா சாப்பிட மாட்டேங்கிறா, ராத்திரி தூங்குறாளா?” என்று கேட்டால் அம்மாவே மீதியைச் சொல்லிவிடுவார். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பும்போது வெறும் சீட்டு எழுதிக் கொடுக்காமல், முதல் முறை பள்ளியிலிருந்து ஒருவர் கூடவே போவது அவர் வழக்கம். சிகிச்சைக்குப் பின் திரும்பும் பிள்ளைக்கு விடுபட்ட ரெக்கார்ட் நோட்டுதான் பெரிய மலை. அதை முடிக்க அவகாசம் தரும்படி பாட ஆசிரியர்களிடம் முன்கூட்டியே பேசி வைப்பார்.

என்.சி.இ.ஆர்.டி. 2022இல் 3.79 லட்சம் மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், பதற்றத்துக்குக் காரணம் படிப்பு, தேர்வு, ரிசல்ட் என்று சொன்னவர்கள் 81 சதவீதம். ரேங்க் பட்டியல் வெளியிடுவதைத் தமிழக அரசு 2017இலேயே நிறுத்திவிட்டது. ஆனாலும் கேட்டில் ஃப்ளெக்ஸ் கட்டும் ஆசை பல பள்ளிகளை விடவில்லை. அந்தத் தலைமையாசிரியை ஃப்ளெக்ஸ் காசை மிச்சம் பிடித்தார். ரிசல்ட்டுக்கு முந்தைய நாளே, தோற்றுவிடக்கூடிய பிள்ளைகளின் வீடுகளுக்கு வகுப்பாசிரியர்கள் போன் செய்ய வேண்டும். அதே ஆண்டில் துணைத்தேர்வு எழுதலாம், விண்ணப்பத்தைப் பள்ளியே பார்த்துக்கொள்ளும் என்பதுதான் செய்தி. அன்று பிள்ளையைத் தனியாக விட வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, சைல்டுலைன் குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டும் ஹால் டிக்கெட்டோடு தரும் தாளில் அச்சாகியிருக்கும்.

எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொல்லும் தியான வகுப்பில் அவருக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பிரிட்டனில் 85 பள்ளிகளில் நடந்த ‘மிரியட்’ ஆய்வும், ஆசிரியர்கள் நடத்திய மனக்குவிப்பு வகுப்புகளால் வழக்கமான பாடங்களைவிடக் கூடுதல் பலன் இல்லை என்றே 2022இல் சொன்னது.

நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியான ஆலோசகர் ஒருவராவது வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆலோசகர் வந்தாலும் டைம்டேபிளும் போனும் மருத்துவமனைத் தொடர்பும் ஹெச்.எம். பொறுப்பில்தான் இருக்கும். ஹெச்.எம்.களோ மாறுதலில் போய்க்கொண்டே இருப்பவர்கள். எனவே சார்ஜ் ஒப்படைக்கும்போது ஸ்டாக் ரிஜிஸ்டரோடு ஒரு பக்கத் தாளையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறார் அவர்: பெட்டிச் சாவி யாரிடம், எந்த வகுப்புக்கு யார் கேட்பவர், மருத்துவமனையில் மனநல மருத்துவர் எந்தெந்த நாள் இருப்பார், இரவில் யாரைக் கூப்பிடுவது. மாணவர் பெயர் எதுவும் அதில் இருக்கக் கூடாது.