பாஸ்போர்ட்டில் கை வைக்கும் முன்

அன்புள்ள கயல்,

கல்யாணப் புடவை விஷயமாக உன் அம்மாவுக்குப் போன் போட்டேன். தை முகூர்த்தம் முடிந்த கையோடு தட்காலில் பாஸ்போர்ட்டை மாற்றி, மாப்பிள்ளை பெயரைச் சேர்த்துக்கொண்டுதான் நீ அமெரிக்கா திரும்பப் போகிறாய் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை. உன் இஷ்டத்தில் தலையிடும் எண்ணம் எனக்குக் கிடையாது. ஆனால் திருச்சியில் அத்தனை வருஷம் டிக்கெட் போட்டுக் கொடுத்தவள் நான். சும்மா இருக்க முடியவில்லை.

பாஸ்போர்ட்டில் பெயரை மட்டும் திருத்தித் தர மாட்டார்கள் கண்ணு. புது எண்ணோடு புதுப் புத்தகம்தான். பழையதை மூலை வெட்டி ரத்து செய்து கையில் கொடுப்பார்கள். அதிலுள்ள விசா, தேதி இருக்கும்வரை செல்லும். ஆனால் பழைய பெயரில் இருக்கும். உன் யுனிவர்சிட்டி கொடுத்த ஐ-20 படிவம் பழைய பெயரில், ரிட்டர்ன் டிக்கெட் பழைய பெயரில், பாஸ்போர்ட் மட்டும் புதுப் பெயரில். இப்படிப் பெயர் மாறியவர்கள் புது விசா வாங்கிக்கொள்வதே நல்லது என்று அமெரிக்க வெளியுறவுத் துறையே சொல்கிறது. சென்னையில் நேர்காணல் தேதி உன் லீவுக்குள் கிடைக்கும் என்று யார் உறுதி சொல்வது?

கல்யாணச் சர்டிபிகேட்டைக் காட்டினால் போதாதா என்பாய். போதலாம், அப்படிப் போனவர்களும் உண்டு. ஆனால் முதலில் ஏர்லைன்ஸ் கவுண்டரைத் தாண்ட வேண்டும். ஆவணம் சரியில்லாதவரை ஏற்றிச் சென்றால் அபராதம் அவர்கள் தலையில் விழும். அதனால்தான் டிக்கெட்டில் ஓர் எழுத்து பிசகினாலும் அவர்கள் யோசிக்கிறார்கள். அங்கே போய் இறங்கிய பிறகும் விசா இருப்பதாலேயே உள்ளே விட்டுவிட மாட்டார்கள். முடிவு எல்லை அதிகாரி கையில். நீதான் என்று கைரேகை சொல்லும், வாஸ்தவம். ஆனாலும் அத்தனை மணி நேரம் பறந்து களைத்து நிற்கும் பிள்ளையைத் தனியாக உட்காரவைத்துக் கேள்வி கேட்டால்? நினைத்தாலே எனக்குப் பகீரென்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமானால் பெண் பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்று நம் நாட்டில் எந்தச் சட்டம் சொல்கிறது? என் இனிஷியலை என்னைக் கேட்டா மாற்றினார்கள்? எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஓர் எழுத்து, ரேஷன் கார்டில் வேறு எழுத்து. ப்ரியா பிரசவத்துக்குப் போக விசா கேட்டபோது, அவளைப் பெற்றவள் நான்தான் என்று நிரூபிக்க எத்தனை அஃபிடவிட்! நீதானே ஸ்கூட்டியில் என்னை நோட்டரியிடம் கூட்டிப் போனாய்? உன் மாமா பெயரில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. அவருக்கு ஒரே நாளில் வேலை முடிந்தது. அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை. உன் பெயர் விஷயத்தில் உன் அப்பா, "அவ இஷ்டம்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாராம். அண்ணனை எனக்குத் தெரியாதா?

முடிவு உன்னுடையதுதான். மாற்றுவதாக இருந்தால் வரிசையாகச் செய். முதலில் சார்பதிவாளர் அலுவலகத்தில் திருமணப் பதிவு, பிறகு பாஸ்போர்ட், பிறகு யுனிவர்சிட்டியில் சொல்லிப் புது ஐ-20, பிறகு விசா, கடைசியில் அதே பெயரில் டிக்கெட். பழைய பாஸ்போர்ட்டைக் கைப்பையிலேயே வைத்துக்கொள். போய்ச் சேர்ந்ததும் சோஷியல் செக்யூரிட்டி, லைசென்ஸ், பேங்க் என்று மறுபடியும் ஒரு சுற்று. மாற்றாவிட்டால் இதில் ஒன்றுமே இல்லை. வந்த பாஸ்போர்ட்டோடு, வந்த விசாவோடு நிம்மதியாகத் திரும்பிப் போகலாம். படிப்பு முடிந்து, இந்த பாஸ்போர்ட் காலாவதியாகும்போது யோசித்தால் என்ன குறைந்துவிடும்?

ரொம்பப் பேசிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. மாப்பிள்ளை தங்கமான பிள்ளை. அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டினாலும் சரிதான். நீ எந்தப் பெயரில் வந்தாலும் எங்கள் வீட்டுச் செல்லம் நீதான். மாற்றத்தான் போகிறேன் என்றால் ஒரு வார்த்தை சொல், ஒவ்வொரு ஆபீஸுக்கும் நானே உன்னோடு வந்து வரிசையில் நிற்கிறேன். இட்லிப் பொடியும் புளிக்காய்ச்சலும் கேட்ட அளவுக்குச் செய்து தருகிறேன். நூறு வயசு நன்றாக இரு கண்ணு.

ஆசிகளுடன்,
கமலா அத்தை