பழைய காரின் பானட் பட்டை

அல்சூர் ஏரியை ஒட்டிய தெருக்களில் இன்றும் ஓரிரு அம்பாசிடர் கார்களைக் காண்கிறோம். உத்தர்பாராவில் 2014-இல் அவற்றின் உற்பத்தி நின்றுவிட்டது. பானட்டின் மேலுள்ள பளபளப்புப் பட்டையோ சின்னமோ உடைந்தால் புதிய மாற்று கிடைப்பது அரிது. ஆதலால் உடையாமல் கழற்றுவதே முதற்பாடம்.

பானட்டைத் திறந்து அடிப்புறம் நோக்கினால், பட்டையைப் பிடித்திருக்கும் சிறு நட்டுகள் தெரியும். துருவேறிய நட்டை உடனே திருகலாகாது. துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து ஓர் இரவு விட்டுவைக்க வேண்டும். துத்தநாக வார்ப்பின் திருகுத் தண்டு எளிதில் முறியும். அவசரப்பட்டு மேலிருந்து நெம்புவோர் பெயின்டையும் சேர்த்தே இழக்கின்றனர்.

கழற்றியபின் பின்புறத்தைப் பாருங்கள். முன்னும் பின்னும் ஒரே நிறமாயின் அது பெரும்பாலும் எவர்சில்வர். 600, 1000, 2000 எண் வாட்டர் பேப்பர்களால் வரிசையாகத் தேய்த்து, பஃபிங் செய்தால் ஒளி திரும்பும். பின்புறம் மங்கிய சாம்பல் நிறமாயின், துத்தநாகத்தின்மேல் ஏற்றிய குரோம். அதன்மீது வாட்டர் பேப்பர் படவே கூடாது. பூச்சு மிக மெல்லியது. அழுக்கு மட்டுமெனில் மென்துணியும் குரோம் பாலிஷும் போதும். உரிந்திருந்தால் பழையதை நீக்கி, செம்பு, நிக்கல், குரோமியம் என மறுபடி முலாம் ஏற்ற வேண்டும். நச்சு நீரைக் கையாளும் அவ்வேலை வீட்டுக்குரியதன்று. வெள்ளிநிறப் பெயின்ட் அடித்து ஒப்பேற்றுவதை நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

செலவிட்டதைக் காப்பீட்டிலும் காட்டலாம். ஐந்தாண்டு கடந்த காரின் காப்பீட்டு மதிப்பு, நிறுவனமும் உரிமையாளரும் ஒத்துக்கொள்ளும் தொகையே. வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் முலாம் கடை ரசீதையும் பத்திரப்படுத்தி, அடுத்த புதுப்பிப்பின்போது முன்வையுங்கள்.