தொலைவிலிருந்து ஸ்விட்சுகளைக் கண்காணித்தல்

திருவனந்தபுரம் மாவட்டத்தில், பொன்முடி மலைக்குச் செல்லும் வழியில் உள்ளது வித்துரா. 2008-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம் இங்கு மலைப்பாங்கான நிலத்தில் அமைந்துள்ளது. இத்தகைய வளாகங்களில் கணிப்பொறிகளை இணைக்கும் ஸ்விட்சுகள் கட்டிடந்தோறும் இருக்கும். கனமழையில் ஒன்று பழுதுற்றால், ஊழியர் ஒவ்வொரு கட்டிடமாக ஏறி இறங்கித் தேடுவது எளிதன்று. இருந்த இடத்திலிருந்தே பழுதை அறிய உதவுவது எஸ்.என்.எம்.பி. என்னும் வலையமைப்பு நிர்வாக நெறிமுறையாகும். இது 1988-இல் முதன்முதலாக வெளியிடப்பட்டது.

இம்முறைக்கு ஏற்ற ஸ்விட்சினுள் 'முகவர்' எனப்படும் சிறு நிரல் ஒன்று இயங்குகிறது. எந்த இணைப்புவாய் இயங்குகிறது, எவ்வளவு தகவல் சென்றது, எத்தனை பிழைகள் நேர்ந்தன என்பவற்றை அது குறித்து வைக்கிறது. மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் என்று நிலத்தைக் குறிப்பது போல, ஒவ்வொரு குறிப்புக்கும் படிப்படியாக அமைந்த ஓர் எண்வரிசை உண்டு. நிர்வாகக் கணிப்பொறி அவ்வெண்ணைக் குறிப்பிட்டு வினவ, முகவர் விடையளிக்கிறது. வினாக்கள் 161-ஆம் வாயிலுக்குச் செல்கின்றன.

முகவர் தானாகவே 162-ஆம் வாயிலுக்கு அபாய அறிவிப்பும் அனுப்பக்கூடும். ஆனால் அதனை மட்டும் நம்பியிருத்தல் தவறு. மின்சாரம் அற்றுப்போன ஸ்விட்ச் எதனையும் அறிவிக்க இயலாது. ஒரே கம்பி அறுந்துவிட்டால் அறிவிப்பு வரவும் வழியில்லை. பள்ளிக்கு வராத மாணவன் தான் வரவில்லையென்று எழுந்து கூறுவதில்லை. ஆசிரியர் பெயர் கூப்பிட்டே அறிகிறார். அதுபோல, ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை ஒவ்வொரு ஸ்விட்சையும் வினவுதல் வேண்டும். மௌனம் நலத்திற்குச் சான்றன்று.

இரு வினாக்களுக்கு இடையே ஸ்விட்ச் அணைந்து மீண்டும் இயங்கியிருந்தால் அதனை எவ்வாறு அறிவது? முகவர் தொடங்கியது முதல் கழிந்த காலத்தை நூற்றிலொரு விநாடிக் கணக்கில் காட்டும் எண் ஒன்று உண்டு. அது முன்னையதைவிடக் குறைந்திருப்பின், பெரும்பாலும் இடையில் மின்தடை நேர்ந்தது என ஐயுறலாம்.

ஒரே வழியில் அமைந்த பல ஸ்விட்சுகள் ஒருங்கே விடையளிக்காவிடில், அவற்றுள் அண்மையில் உள்ளதையும் அதற்குச் செல்லும் கம்பியையும் முதலில் சோதித்தல் நன்று. பழுது பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

எச்சரிக்கை ஒன்று: இந்நெறிமுறையின் முதலிரு பதிப்புகளில் அனுமதிச்சொல் மறைவின்றிச் செல்கிறது. 2002-இல் தரமாக ஏற்கப்பட்ட மூன்றாம் பதிப்பில் தகவலை மறைத்து அனுப்பும் வசதி உண்டு. ஆதலின் இயன்ற இடங்களில் மூன்றாம் பதிப்பையே கைக்கொள்க.