வாயு குறைந்தால் மயக்கமும் குறையுமா?

பித்தப்பைக் கல் அறுவைச் சிகிச்சைக்காக மேல்சித்தாமூரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மையாரின் மகள், அறுவைக்கு முதல்நாள் மாலை என்னிடம் கேட்டார்: “அம்மாவுக்கு வாயுவைக் குறைத்துத்தான் கொடுப்பீர்களாமே டாக்டர், பாதியில் விழித்துக்கொண்டால் என்ன செய்வது?” ‘குறைந்த ஓட்ட மயக்கமுறை’ என்ற சொல்லை அவர் எங்கோ கேட்டிருந்தார். சிக்கனம் கருதி நோயாளிக்கு உரியதைக் குறைக்கிறோமோ என்ற ஐயமும் அக்கேள்வியில் இருந்தது. இந்த அச்சம் நியாயமானதே. அவருக்கு அன்று கூறிய விளக்கத்தை எல்லாக் குடும்பங்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

பொது மயக்கத்தின்போது, ஆக்சிஜனும் ஆவியாக்கப்பட்ட மயக்க மருந்தும் கலந்த வாயு, கருவியிலிருந்து குழாய் வழியே நுரையீரலை அடைகிறது. அசையாது படுத்திருக்கும் பெரியவர் ஒருவரின் உடல் நிமிடத்திற்கு ஏறக்குறைய 250 மில்லிலிட்டர் ஆக்சிஜனையே பயன்படுத்துகிறது. வழக்கமான முறையிலோ நிமிடத்திற்கு 4 முதல் 6 லிட்டர் வரை புதிய வாயு செலுத்தப்படுகிறது. மிஞ்சியதெல்லாம், அதிலுள்ள மயக்க மருந்தோடு, கழிவுக் குழாய் வழியே வெளியேறி வானில் கலந்துவிடுகிறது.

குறைந்த ஓட்ட முறையில் புதிய வாயு நிமிடத்திற்கு 1 லிட்டர் அளவே சேர்க்கப்படுகிறது. நோயாளி வெளிவிடும் மூச்சு, சோடா சுண்ணாம்பு மணிகள் நிறைந்த குடுவை வழியே செல்கிறது. அம்மணிகள் கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்கின்றன. எஞ்சிய ஆக்சிஜனும் மயக்க மருந்தும் புதிய வாயுவோடு கலந்து அதே நோயாளிக்குத் திரும்புகின்றன. ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலை அடையும் வாயுவின் அளவு குறைவதில்லை. தொட்டி நிறைந்தபின் குழாயைச் சற்றே மூடிவைப்பது போன்றது இது. நீர்மட்டம் தாழ்வதில்லை, வழிந்தோடி வீணாவது மட்டுமே நிற்கிறது.

இம்முறை புதியதன்று. நிமிடத்திற்கு 1 லிட்டர் என்ற அளவை ஃபோல்டஸ் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1952-இல் விவரித்தனர். ஆயினும், உள்ளே செல்லும் வாயுவின் கலவையை அளந்தறியும் கருவிகள் பரவலான பின்னரே அன்றாட அறுவைகளில் இதை நம்பிக்கையுடன் கையாள முடிந்தது.

நடைமுறை எளிது. தொடக்கத்தில் சில நிமிடங்கள் ஓட்டத்தை உயர்த்தி வைத்து, உடலில் மருந்து போதிய அளவு சேர்ந்தபின் குறைக்கிறோம். அறுவை முடியும் தருவாயில் மீண்டும் உயர்த்தி, மருந்தை வெளியேற்றி நோயாளியை எழுப்புகிறோம். செவோஃப்ளூரேன் என்ற மருந்தை 2 சதவீத அளவில் வைத்தால், 6 லிட்டர் ஓட்டத்தில் மணிக்கு ஏறக்குறைய 36 மில்லிலிட்டர் திரவம் செலவாகும்; 1 லிட்டர் ஓட்டத்தில் ஏறக்குறைய 6 மில்லிலிட்டர் போதும். சுற்றிவரும் வாயு இளஞ்சூடாகவும் ஈரமாகவும் இருப்பதால் மூச்சுப்பாதை வறண்டுபோவதும் குறைகிறது.

வானுக்கும் இதனால் நன்மை உண்டு. மயக்க வாயுக்கள் புவியை வெப்பமாக்குபவை. டெஸ்ஃப்ளூரேன் என்ற மருந்து, நூறாண்டுக் கணக்கில், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிடச் சுமார் 2,500 மடங்கு வெப்பமாக்கும் திறன் கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி முதல் அதன் பயன்பாட்டை மிக அவசியமான நேர்வுகளுக்கு மட்டுமெனக் கட்டுப்படுத்தியுள்ளது. தேவைக்கு மிஞ்சியதை நாடாமையை அறமாகப் போற்றும் சமண மடம் அமைந்த மேல்சித்தாமூரின் மக்களுக்கு இக்கருத்து அயலானதன்று.

ஆனால், சிக்கனத்தைவிடப் பாதுகாப்பே முதன்மையானது. உள்ளிழுக்கும் ஆக்சிஜனின் விகிதம், வெளிவரும் கரியமில வாயு, மயக்க மருந்தின் செறிவு, இரத்தத்தில் ஆக்சிஜன் நிறைவு ஆகியவற்றைத் தொடர்ந்து கண்காணிக்கிறோம். இக்கருவிகள் இல்லாத இடத்தில் இம்முறையைக் கையாளக் கூடாது. ஒவ்வொரு நோயாளிக்கும் புதிய வடிகட்டி பொருத்தப்படுவதால், ஒருவரது மூச்சிலுள்ள கிருமி மற்றொருவரைச் சென்றடையாதவாறு தடுக்கப்படுகிறது.

சிலருக்கு ஓட்டத்தை உயர்த்தியே வைக்க வேண்டும். கட்டுக்கடங்காத சர்க்கரை நோயால் உடலில் அசிட்டோன் பெருகியவர்கள், மது அருந்திய நிலையில் வந்தவர்கள், தீவிபத்தில் புகையைச் சுவாசித்தவர்கள் ஆகியோரின் மூச்சில் வெளியேற வேண்டிய பொருள்கள், குறைந்த ஓட்டத்தில் உள்ளேயே தேங்கக்கூடும். எனவே மதுப்பழக்கம், புகைப்பழக்கம், சர்க்கரையின் அளவு ஆகியவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். குடும்பத்தில் எவருக்கேனும் மயக்கத்தின்போது கடுங்காய்ச்சலோ உயிரிழப்போ நேர்ந்திருந்தால் அதைக் கட்டாயம் தெரிவியுங்கள். முதுகில் ஊசி போட்டுச் செய்யும் அறுவைகளுக்குப் பெரும்பாலும் மயக்க வாயுவே தேவைப்படாது என்பதையும் அறிந்திருங்கள்.

அந்த அம்மையாருக்கு மறுநாள் இம்முறையிலேயே மயக்கம் கொடுத்தோம். அவர் கண்விழித்ததும் மகளை அழைத்தார். “நடுவில் ஏதாவது தெரிந்ததா அம்மா?” என்று மகள் கேட்டார். “ஒன்றும் தெரியவில்லை, நன்றாகத் தூங்கினேன்” என்றார் தாய். உங்களுக்கும் இத்தகைய ஐயம் எழுந்தால், அறுவைக்கு முன்பே உங்கள் மயக்கவியல் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. விளக்குவது எங்கள் கடமை.