பெரியாற்றில் மூங்கில் தெப்பம்

திருவனந்தபுரத்திலிருந்து வேனில் புறப்பட்ட கணவனும் மனைவியும் மலைப்பாதை வழியே தேக்கடியை அடைந்தனர். பெரியாறு புலிகள் காப்பகத்தில் மூங்கில் தெப்பமேறினர். துடுப்பு வலித்த வழிகாட்டிகளுள் சிலர், முன்னாளில் இக்காட்டில் மரப்பட்டை உரித்தும் வேட்டையாடியும் பிழைத்தவர்கள். பிடிபட்டால் சிறை. அடிச்சுவடு கண்டே விலங்கை அறியும் அதே திறனால் இன்று அவர்கள் காட்டைக் காக்கின்றனர்.

"நீர் நடுவே பட்டமரங்கள் நிற்பதேன்?" என மனைவி வினவினார்.

"1895இல் பென்னிகுவிக் அணையைக் கட்டி முடித்தபோது மூழ்கிய காடு, அம்மா."

தேங்கிய நீர், மலையைக் குடைந்த சுரங்கவழி தமிழகம் புகுந்து வைகையைச் சேர்கிறது; தேனி, மதுரை வயல்களில் பாய்கிறது. நம்முள் சிலருடைய பாட்டன் நிலமும் அங்கிருக்கலாம்!

பொருள்: தெப்பம் – மிதவை, பட்டமரம் – உலர்ந்த மரம்.

வினா: வழிகாட்டிகளின் பழைய திறன் இன்று எவ்வாறு பயன்படுகிறது?