பூங்கா என்ன வேலை பார்க்கிறது?



நம் இளைஞர் வகுப்பில் ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: "அண்ணே, இவ்வளவு சின்ன நாட்டுல இவ்வளவு பெரிய பூங்கா எதுக்கு? அந்த இடத்துல வீடு கட்டினா எத்தனை குடும்பம் இருக்கலாம்!"

நல்ல கேள்வி. வீவக வீட்டுக்குப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் இளம் தம்பதிகள் நமக்குள்ளேயே இருக்கிறார்கள். "பச்சையா இருந்தா பார்க்க அழகா இருக்கும்" என்று மட்டும் பதில் சொன்னால் போதாது. அழகு மட்டும்தான் காரணம் என்றால், நிலம் தேவைப்படும்போது முதலில் போவது பூங்காதான். அதனால் பூங்கா நமக்காக என்னென்ன வேலை பார்க்கிறது என்று இந்த மாதப் பாடத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இயற்கை மனிதருக்குச் செய்யும் வேலைகளுக்குச் 'சூழலமைப்புச் சேவைகள்' என்று பெயர். ஐக்கிய நாடுகள் ஆதரவில் 2005-இல் வெளிவந்த ஓர் உலக மதிப்பீடு இவற்றை நான்கு வகையாகப் பிரித்தது: உணவு, நீர் போன்றவற்றைத் தருவது, வெள்ளத்தையும் வெப்பத்தையும் கட்டுக்குள் வைப்பது, மனத்துக்கும் பண்பாட்டுக்கும் இடம் கொடுப்பது, இவை எல்லாவற்றுக்கும் அடித்தளமாக மண்ணையும் உயிர்களையும் காப்பது. நாம் பலரும் போய்வந்த பீஷான்-அங் மோ கியோ பூங்காவை வைத்தே இதைப் பார்க்கலாம்.

தண்ணீர்

அங்கே ஓடும் காலாங் ஆறு முன்பு 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேரான சிமெண்டுக் கால்வாயாக இருந்தது. பெரிய லோங்காங் என்றே சொல்லலாம். சிமெண்டுக் கால்வாய்க்கு ஒரே வேலைதான். மழைநீரை வேகமாகக் கீழே தள்ளிவிடும். 2009-இல் தொடங்கி 2012-இல் முடிந்த திட்டத்தில் அந்தச் சிமெண்டை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக மாற்றினார்கள். கரையைச் செடிகளின் வேர்களும் பாறைகளும் தாங்குகின்றன.

மழை இல்லாத நாளில் அது சின்ன ஓடை. பிள்ளைகள் கல்மேல் கால்வைத்துத் தாண்டுவார்கள். கனமழை வந்தால் பக்கத்துப் புல்வெளியும் ஆறாகிவிடும், அகலம் கிட்டத்தட்ட 100 மீட்டர் வரை போகும். பழைய கால்வாயைவிட இதில் அதிகத் தண்ணீர் போக முடியும். நீர் ஏறும்போது எச்சரிக்கை விளக்கும் சைரனும் வேலை செய்யும். அவை ஒலித்தால் உடனே மேட்டுக்குப் போய்விடுங்கள், வீடியோ எடுக்க நிற்காதீங்க. இந்த ஆறு கடைசியில் மரினா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. அதாவது, இது நாம் குடிக்கும் தண்ணீருக்கும் ஓர் ஊற்று.

வெப்பம்

சிமெண்டும் தார்ச்சாலையும் பகல் முழுக்க வெயிலைக் குடித்து, இரவில் மெல்ல வெளியே விடும். மரம் நிழல் தருவதோடு இலை வழியாக நீராவியை விட்டுக் காற்றைக் குளிர்விக்கும். சிங்கப்பூரில் நடந்த ஓர் ஆய்வில், ஆர்ச்சர்ட் ரோடு பகுதிக்கும் கட்டடம் குறைந்த பசுமையான பகுதிக்கும் இடையே இரவில் சுமார் 7 டிகிரி வரை வித்தியாசம் தெரிந்தது. ஏர்கான் வாங்க முடிந்தவர் கதவை மூடிக்கொள்வார். முடியாத தாத்தா பாட்டிக்கு புளோக்குக்குக் கீழே இருக்கும் மரம்தான் ஏர்கான்.

உயிர்கள்

சிமெண்டை எடுத்த பிறகு தட்டான்களும் மீன்களும் பறவைகளும் வந்தன. 2014 வாக்கில் நீர்நாய்க் குடும்பம் ஒன்று தானாகவே வந்து குடியேறியது. யாரும் கொண்டுவந்து விடவில்லை. உணவும் தங்குமிடமும் இருந்தன, அதனால் வந்தன.

"இப்படிக் காடு மாதிரி விட்டா டெங்கி வராதா?" என்று அம்மாக்கள் கேட்பார்கள். ஏடிஸ் கொசு விரும்புவது தேங்கி நிற்கும் தெளிந்த நீரை, அதாவது பூத்தொட்டித் தட்டு, வாளி, அடைத்துக்கொண்ட கூரைத் தூம்பு போன்ற இடங்களை. ஓடும் நீரும், கொசுப்புழுவைத் தின்னும் மீனும் தட்டானும் உள்ள ஆறு அதற்குச் சரிப்படாது.

மனம்

1984-இல் ரோஜர் உல்ரிச் என்பவர் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேர். பாதிப் பேரின் சன்னலில் மரங்கள் தெரிந்தன, மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள், வலுவான வலிமருந்தும் குறைவாகவே கேட்டார்கள். சின்ன ஆய்வுதான், ஆனால் உலகெங்கும் மருத்துவமனை கட்டுபவர்களை யோசிக்க வைத்தது. ஈசூனில் 2010-இல் திறந்த கூ டெக் புவாட் மருத்துவமனைக்குள் போனால் தோட்டத்துக்குள் நுழைந்த மாதிரி இருக்கும்.

அப்போ வீடு?

தம்பியின் கேள்விக்கு வருகிறேன். வீடும் வேண்டும், காடும் வேண்டும். 2021-இல் டோவர் காடு பற்றி மக்கள் கருத்துச் சொன்னபோது, கிழக்குப் பாதியில் வீடு கட்டவும், மேற்குப் பகுதியைச் சுமார் 10 ஆண்டுகளுக்கு விட்டுவைக்கவும் முடிவானது. எல்லாருக்கும் முழுத் திருப்தி இல்லை. ஆனால் அந்த நிலத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் பேசியதால்தான் பேச்சே நடந்தது. பயன் தெரியாமல் விட்டுக்கொடுப்பது ஒன்று, தெரிந்து பேசி முடிவெடுப்பது வேறு. நம் இளைஞர்கள் இரண்டாவது ரகமாக இருக்க வேண்டும் என்பதே என் ஆசை.

இன்னொன்றும் கவனியுங்கள். பச்சையாக இருப்பதெல்லாம் ஒரே அளவு வேலை செய்யாது. ஒட்ட வெட்டிய புல்தரை, நிழலும் புதரும் ஆழமான மண்ணும் உள்ள இடத்துக்கு ஈடாகாது.

வகுப்பில் பேச

1. உங்கள் புளோக்குக்குப் பக்கத்தில் உள்ள பச்சை இடம் நான்கு வகைச் சேவைகளில் எதையெல்லாம் செய்கிறது?
2. பெரிய மழை நின்றதும் கீழே இறங்கிப் பாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எங்கே மண்ணுக்குள் இறங்குகிறது?
3. மதியம் 2 மணிக்கு மரநிழலிலும் திறந்த கார்நிறுத்துமிடத்திலும் வெப்பமானியைப் பிடித்துப் பாருங்கள். வித்தியாசத்தை எழுதி எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வாருங்கள்.